அறுபதுக்குப் பிறகும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மனு எழுதிக் கொடுக்க உட்காருகிறேன். ஓஏபி (முதியோர் உதவித்தொகை) மனு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) படிவம், கலெக்டர் ஆபீஸ் மனு என்று வருகிறவர்களில் பாதிக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். அவர்களும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பதை, அவர்கள் கேட்டபடியே இங்கே வைத்திருக்கிறேன். தொகையும் விதியும் மாறிக்கொண்டே இருப்பவை. அதனால் எந்த ஆண்டு நிலவரம் என்பதையும் முடிந்தவரை கூடவே சொல்லியிருக்கிறேன்.

"அறுபது ஆனா ரிட்டயர்டுதானே? அதுக்கு மேல வேலை செய்யிறவங்க எத்தனை பேர் இருக்கப் போறாங்க?"

நிறையப் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 10.4 கோடி. அவர்களில் கிராமத்து ஆண்களை எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 66 பேர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். கிராமத்துப் பெண்களில் 28 பேர். நகரத்தில் ஆண்கள் 46, பெண்கள் 11. பெண்களின் கணக்கு ஏன் இவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பதற்கு, பீடி சுற்றும் ஆச்சியைப் பற்றிய கேள்வியில் பதில் இருக்கிறது.

'ரிட்டயர்டு' என்ற சொல் மாதச் சம்பளக்காரர்களுடையது. களை எடுக்கப் போகிற பெண்ணுக்கோ, தள்ளுவண்டியில் கடலை வறுக்கிறவருக்கோ ஓய்வு பெறும் தேதி என்று ஒன்றை யாரும் எழுதித் தரவில்லை. நம் நாட்டு உழைப்பாளிகளில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது வகை.

"60-ங்கிறது யார் போட்ட கணக்கு?"

ஒரே ஆள் போட்டது இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) 60 வயது நிறைந்தவரை மூத்த குடிமகன் என்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது 1998-ல் 58-லிருந்து 60 ஆனது. தமிழ்நாடு அரசு 2020-ல் 59 ஆக்கி, 2021-ல் 60 ஆக்கியது. பி.எஃப். ஓய்வூதியத்துக்கு மட்டும் இன்றும் 58-தான் எல்லை. ஒரே ஆள் பி.எஃப். அலுவலகத்தில் 58-லேயே பென்ஷன்காரர், தாலுகா ஆபீஸில் 60 வரை முதியவரே இல்லை. மனு எழுதும்போது இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

"பிள்ளைங்க கஞ்சி ஊத்தாததாலதானே இந்த வயசுல வேலைக்குப் போறாங்க?"

சில வீடுகளில் அப்படித்தான். ஆனால் என் மேசைக்கு முன்னால் உட்காருகிறவர்களில் பலருக்குப் பிள்ளைகள் நல்லவர்கள், அவர்களுக்கே நாள் கூலிதான் வருமானம். மகன் கொத்தனார். மழைக்காலத்தில் வாரம் இரண்டு நாள் வேலை இருந்தாலே பெரிது. அந்த வீட்டில் அப்பா சும்மா உட்கார முடியாது. ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 இந்திய முதியோர் அறிக்கை, முதியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் நாட்டின் ஏழ்மையான அடித்தட்டில் இருப்பதாகவும், 18.7 பேருக்கு வருமானமே இல்லை என்றும் சொல்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கோயில் வாசலில் பூக்கட்டும் ஓர் ஆச்சி, மகள் மனு எழுதச் சொல்லிக் கூட்டி வந்தார். பேசும்போதும் கை நிற்கவில்லை. மடியில் வாழைநார், இடது கைவிரல்களுக்கு நடுவே இரண்டிரண்டு மொட்டாகப் பிச்சி. "பேத்திக்கு வளவி வாங்க மருமவன்கிட்ட கையேந்தணுமா?" என்றார். பிழைப்பும் மானமும் ஒரே நாரில் கட்டியிருக்கும்போது, இதில் எது உண்மையான காரணம் என்று பிரித்துக் கேட்பது சரியாகப் படவில்லை.

ஆனால் உழைப்பே ஆரோக்கியம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவதையும் நான் ஏற்கவில்லை. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் இயற்கை விவசாயம் செய்து, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். பெருமைதான். அவருக்குச் சொந்தமாக நிலம் இருந்தது. இன்று முடியவில்லை என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்தவர் வயலில் கூலிக்கு நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது.

"எங்க ஊர் வயல்லயும் நூறு நாள் வேலையிலயும் வயசானவங்கதான் தெரியுறாங்க. இளசுங்கல்லாம் எங்க?"

திருப்பூர், கோவை, சென்னை, கேரளா, வளைகுடா. படித்த பிள்ளை வயலுக்கு வராது, வரவேண்டும் என்று பெற்றவர்களும் நினைப்பதில்லை. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பட்டத்திலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் மிஞ்சி இருப்பவர்கள் ஐம்பது தாண்டிய பெண்கள். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து அவர்களுடைய நாட்களையும் குறைத்துவிட்டன.

நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிறைந்தவர் என்று மட்டும் சொன்னது, மேல் வரம்பு வைக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, பணம் நேராக அவரவர் வங்கிக் கணக்குக்கு. முதியவர்கள் அங்கே கூடியதில் ஆச்சரியம் இல்லை. 2023 முதல் ஒரு நாளைக்கு இரண்டு முறை கைப்பேசிச் செயலியில் போட்டோ எடுத்து வருகைப்பதிவு என்றானதும், காலையில் வந்து மதியம் முடியாமல் வீடு திரும்பியவர்கள் கூலியை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் என்று ஒரு புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. அதில் விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்க இடம் உண்டு. நம் ஆச்சிகளுக்கு அந்த மாதங்களில் வயலில் முன்போல ஆள் தேவைப்படுவதில்லை என்பதுதான் என் கவலை.

"எங்க ஆச்சி வீட்ல இருந்தபடியே பீடி சுத்துறா, பேரனையும் பாத்துக்கிறா. இதெல்லாம் வேலைன்னு கணக்குல வருமா?"

பீடி வரும், பேரன் வராது. அரசுக் கணக்கெடுப்புகள், விற்பனைக்காகச் செய்யும் வேலையையும் குடும்பத் தொழிலில் கூலி இல்லாமல் உதவுவதையும் வேலை என்று எடுத்துக்கொள்கின்றன. குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் கொண்டுவிட்டு, படுக்கையில் கிடக்கும் தாத்தாவுக்குத் துணி மாற்றுவதை 'வீட்டு வேலை' என்று தனியே ஒதுக்கிவிடுகின்றன. ஆச்சி பேரனைப் பார்த்துக்கொள்வதால்தான் மகள் கார்மெண்ட்ஸுக்குப் போக முடிகிறது. மகள் கணக்கில் உண்டு, ஆச்சி கணக்கில் இல்லை.

கணக்கில் வரவேண்டிய பீடியும் எல்லா வீட்டிலும் வருவதில்லை. முக்கூடல், கடையம் பக்கம் போனால் திண்ணைதோறும் மடியில் சுளவு (முறம்) வைத்து உட்கார்ந்திருப்பார்கள். நனைத்துப் பதமாக்கிய இலையைத் தகரத்துண்டு வைத்து அளவாக வெட்டி, தூளைத் தூவி, சுருட்டி, நூலால் கட்டி, நுனியை மடக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. கண் மங்கிய ஆச்சி அரை ஆயிரம் சுற்றுவார், அது மகளின் பெயரில் உள்ள அட்டையில் ஏறும். பி.எஃப். மகளுக்கு. "உங்களுக்கு என்ன வேலை?" என்று கணக்கெடுக்க வருபவர் கேட்டால் ஆச்சியே "சும்மாதான் இருக்கேன்" என்பார்.

"வாட்ச்மேன் வேலைக்கு 65-க்கு மேல எடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்காமே?"

இருக்கிறது, ஆனால் ஏஜென்சிகளுக்கு. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் (2005) காவலரின் வயது 18 நிறைந்து 65-க்குள் இருக்கவேண்டும் என்கிறது. அபார்ட்மெண்ட் சங்கமோ கடை முதலாளியோ ஏஜென்சி இல்லாமல் நேராக ஆள் வைத்துக்கொண்டால் அந்த வயது வரம்பு வராது.

அதனால் நடப்பது இதுதான்: 65 வரை ஏஜென்சியில், பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் எல்லாம் இருக்கும். 65 ஆனதும் அதே ஆள் அதே கேட்டில் 'நேரடி ஆள்' ஆகிறார். பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் வயதில் இரண்டும் போய்விடும். ஏஜென்சியை விட்டு வரும் அன்றே கணக்கு எண், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் வாங்கி ஒரு பையில் போட்டு வைத்துவிடுங்கள். பிறகு கேட்டால் சூப்பர்வைசர் மாறியிருப்பார்.

"வயசாச்சு, உன்னால முன்ன மாதிரி முடியலன்னு கூலியைக் குறைக்கிறாங்க. அப்படிச் செய்யலாமா?"

குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போக முடியாது. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வயது வந்தோர், வளரிளம் பருவத்தினர், சிறுவர், தொழில் பழகுநர் என்று தனித்தனி விகிதம் வைக்க அனுமதித்தது. முதியவர் என்று ஒரு வகை அதில் இல்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியச் சட்டத்திலும் அப்படி ஒரு வகை கிடையாது. 70 வயதுக்காரரும் சட்டத்தின் கண்ணில் முழு ஆள்தான். மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

குறைந்தபட்சத்துக்கு மேலே கொடுத்துவந்ததைக் குறைத்தால் வாதாடுவது கடினம். வயதைக் காட்டித் தனியார் முதலாளி வேலை மறுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. இதை மறைத்து நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அளந்து கூலி போடும் இடத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். நூறு நாள் வேலைச் சட்டத்தின் அட்டவணையே பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வேலை அளவு வகுக்கவேண்டும் என்று சொன்னது. இளைஞர் வெட்டும் அளவு மண்ணைப் பாட்டியும் வெட்டினால்தான் முழுக் கூலி என்று யாராவது சொன்னால், அதை அப்படியே ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

"ஓஏபி மாசம் 1,200 வருதே, அப்புறம் ஏன் வேலைக்குப் போகணும்?"

1,200-ஐ முப்பதால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 40 ரூபாய். ரேஷனில் அரிசி இலவசம் என்பதால்தான் அடுப்பு எரிகிறது. ஒரு சிலிண்டர் வாங்கினால் அந்த மாதம் மிஞ்சுவது சொற்பம், அதற்குள் பாலும் பிரஷர் மாத்திரையும் பஸ் செலவும் வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த உதவித்தொகை 1962-லேயே தொடங்கியது, அப்போது மாதம் 20 ரூபாய். பல மாநிலங்களுக்கு முன்னோடி. ஆனால் 2011-ல் 1,000 ஆனது, 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது. பன்னிரண்டு வருடம் விலைவாசி ஏற, தொகை அப்படியே நின்றது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80-க்கு மேல் 500. இது அரிசிக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு கை கொடுக்கும் தொகை. வேலையை விட்டுவிடச் சொல்லும் அளவுக்கு அது இல்லை.

"வேலைக்குப் போறேன்னு தெரிஞ்சா ஓஏபி நின்னுடுமா?"

திட்டம் 'ஆதரவற்ற' முதியோருக்கு. கம்பெனி மாதச் சம்பளமோ வேறு ஓய்வூதியமோ உள்ளவருக்கு உரியது அல்ல. எப்போதாவது கிடைக்கும் கூலியை எப்படிப் பார்ப்பது என்பது விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணையிலும், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரின் முடிவிலும் இருக்கிறது. மறைத்து எழுதச் சொல்லி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் அப்படி எழுதித் தருவதில்லை. "மாதத்தில் ஏழெட்டு நாள் களையெடுப்பு, மற்ற நாள் வேலை இல்லை" என்று உள்ளபடி எழுதினால் விசாரணையில் நிற்கும். மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மறுப்புக் கடிதத்தோடு மனு கொடுங்கள்.

"அண்ணே, ரெண்டு மில்லுல மொத்தம் 12 வருஷம் பாத்துட்டேன். இப்ப 58. பென்ஷனை 60 வரைக்கும் தள்ளிப்போட்டா கூட வரும்ங்கிறாங்க. லாபமா?"

முதலில் இரண்டு மில்லின் சர்வீஸும் ஒரே கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 10 வருடம் இருந்தால்தான் மாதப் பென்ஷன். ஒன்பதரை வருடம் இருந்தாலும் பத்தாக எடுத்துக்கொள்வார்கள். எட்டு வருடம் ஒரு மில், நான்கு வருடம் இன்னொன்று என்றிருந்த ஒருவர், சேர்க்காமலே மொத்தமாகப் பணம் எடுக்க 10-சி படிவத்தோடு வந்தார். கையெழுத்துப் போட்டிருந்தால் ஆயுள் முழுக்க வரவேண்டியது போயிருக்கும். பென்ஷனுக்கு 10-டி படிவம்.

இப்போது கணக்கு. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளம் (உச்சவரம்பு 15,000) பெருக்கல் சர்வீஸ் வருடம், வகுத்தல் 70. சராசரி 9,000 என்றால் 9,000 × 12 ÷ 70, அதாவது 1,543 ரூபாய். தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 விழுக்காடு கூடும். இரண்டு வருடத்தில் கூடுவது மாதம் 126 ரூபாய் போல. ஆனால் அந்த 24 மாதமும் வாங்காமல் விட்டது 37,032 ரூபாய். 126 ரூபாய் வீதம் அதை ஈடுகட்ட 24 வருடத்துக்கு மேல் ஆகும். வேலையில் தொடர்ந்து, பென்ஷன் பங்களிப்பும் 60 வரை போனால் கதை வேறு: 14 வருடக் கணக்கில் 1,800, அதன் மேல் உயர்வும் சேர்ந்து ஏறத்தாழ 1,947. எட்டு வருடத்துக்குள் ஈடாகிவிடும். வேலை இல்லாமல் வெறுமனே தள்ளிப்போடாதீர்கள் என்பதே என் யோசனை. எப்படிக் கணக்குப் போட்டாலும் 1,000-க்குக் கீழே வந்தால் 1,000 தருவார்கள். 2014 செப்டம்பரில் வைத்த அந்தக் குறைந்தபட்சத்தை உயர்த்தச் சொல்லி ஓய்வூதியர்கள் பல வருடமாகப் போராடுகிறார்கள்.

"58 தாண்டியும் அதே கம்பெனியில இருக்கேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பாங்களா?"

பி.எஃப்.க்கு வயது உச்சவரம்பு இல்லை, பிடிக்கத்தான் வேண்டும். மேலே சொன்னபடி தள்ளிப்போடாதவருக்கு, முதலாளி பங்கில் பென்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்த 8.33 விழுக்காடும் பி.எஃப். கணக்கிலேயே விழும். சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.யும் தொடரும். ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு வயதில் வெளியே வந்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். இது தெரியாமல் விட்டவர்கள் ஏராளம்.

"அப்பாவுக்கு 62. அடல் பென்ஷன்ல சேத்து விடலாமா?"

முடியாது. அடல் ஓய்வூதியம் (2015), அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் ஷ்ரம் யோகி மான்தன் (2019) இரண்டிலும் சேரும் வயது 18 முதல் 40. தமிழ்நாட்டு நலவாரியங்களில் 60-க்குள் பதிய வேண்டும், 60 நிறைந்ததும் ஓய்வூதியம் கேட்கலாம். அப்பாவுக்குக் காலம் போய்விட்டது. கேட்டு வந்த உங்களுக்கு என்ன வயது? நலவாரியத்தில் பதிந்துவிட்டீர்களா?

"வேலை இடத்துல அடிபட்டா, வயசானவங்களுக்கு நஷ்டஈடு கிடையாதா?"

உண்டு. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (1923) வயதுக்கு ஒரு பெருக்கு எண் வைத்திருந்தது. 65-ம் அதற்கு மேலும் 99.37. இறப்பு என்றால் மாதக் கூலியில் பாதியை அதனால் பெருக்குவார்கள். மாதம் 12,000 கூலிக்குச் சாரத்தில் வேலை பார்த்த 66 வயதுக்காரர் விழுந்து இறந்தால், 6,000 × 99.37 = 5,96,220 ரூபாய். 2025 நவம்பர் முதல் இது சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு அங்கிருந்து வரும்.

'வயசானவர், தானா தலைசுத்தி விழுந்தார்' என்று ஐம்பதாயிரத்தைக் கையில் வைத்து வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். துக்க வீட்டில் யாரும் யோசிக்கும் நிலையில் இருக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரராவது எழுந்து அந்தத் தாளைப் பிடுங்கி வையுங்கள்.

"மகன் இருக்கான், நானும் கொஞ்சம் சம்பாதிக்கிறேன். அவன்கிட்ட பராமரிப்புக் கேட்டு மனுப் போட முடியுமா?"

முடியும். முன்பு சொன்ன 2007 பராமரிப்புச் சட்டம், சொந்த வருமானத்தாலோ சொத்தாலோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவர் கேட்கலாம் என்கிறது. கொஞ்சம் சம்பாதிப்பது தடை இல்லை. கோட்டாட்சியர் அலுவலகத் தீர்ப்பாயத்தில் மனு, மாதம் 10,000 வரை உத்தரவு போடலாம். ஆனால் மகனும் நாள் கூலி என்றால் உத்தரவு தாளில்தான் இருக்கும். மனுப் போடுமுன் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசுங்கள். இலவசம்தான்.

"ரேகை விழல, ரேகை விழலன்னு திருப்பி அனுப்புறாங்க. என்ன செய்ய?"

இலை வெட்டி, நார் உருவி, சிமெண்ட் குழைத்துத் தேய்ந்த விரல் அது. எலுமிச்சைத் தோல் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவி, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். ரேஷன் கடையில் கண் கருவிழிப் பதிவுக் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். பென்ஷன்காரர்களின் வாழ்நாள் சான்றுக்கு 2021 முதல் கைப்பேசியில் முகம் காட்டியே பதியலாம், ரேகை வேண்டாம். பி.எஃப். ஓய்வூதியருக்கு நவம்பர்தான் என்றில்லை, எந்த மாதமும் செய்யலாம், ஒரு வருடம் செல்லும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி திண்ணையில் உட்காரவையுங்கள். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். கண்புரை அறுவை செய்தவர்கள் மெதுவாகத்தான் சிமிட்டுவார்கள், இரண்டு மூன்று தடவை ஆகும், அவசரப்படுத்தாதீர்கள்.